பிழையை முதலில் கேட்டவர்

1

நான் எழுதிய ஒரு பிழைக்குப் போன வாரம் முதலாமாண்டு. எழுதி ஓராண்டு அல்ல. எழுதிப் பத்தாண்டுகள் ஆகின்றன. அது ஊருலகத்துக்குத் தெரியவந்துதான் ஓராண்டு. அலுவலகக் காலண்டர் பிறந்தநாளை நினைவூட்டுவது போலவே இதையும் நினைவூட்டியது. பக்கத்தில் ஒரு பலூன் படம் இருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து பின்லாந்தின் தம்பெரே நகருக்கு நான் வந்து பன்னிரண்டு ஆண்டுகள். கணினி இயங்குதளம் ஒன்றுக்கு ஆடியோ டிரைவர் எழுதுவது என் வேலை. முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, டிரைவர் எழுதுகிறேன் என்று ஒரு பெரியப்பாவிடம் சொன்னேன். “எந்த ரூட்டும்மா?” என்று கேட்டார். அதன் பிறகு கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லி வருகிறேன். கணினிக்குள் இருக்கும் பாட்டும் பேச்சும் ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ வந்து சேரும் வழியைப் பார்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்தான் டிரைவர். ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கும் ஒலிதான் தொழில். நாற்பது வருடம் மைக் செட் வைத்திருந்தார். ஆடித்தபசு, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஆவுடையப்பன் சவுண்ட் சர்வீஸ். நாம் இரண்டு பேரும் ஒரே தொழில் என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “நீ ஆம்ப்ளிஃபயர் தூக்கியிருக்கியா?” என்பார். முழங்கால் வலி வந்ததும் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு, அம்மா இறந்த பிறகு, கழுகுமலை ரோட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்துமூன்று.

அவருக்கு நான் கொடுத்த லேப்டாப்பில் இருப்பது எங்கள் நிறுவனத்தின் இயங்குதளம். ஒலிக்கு என் டிரைவர். எனக்கு நேரில் தெரிந்த ஒரே வாடிக்கையாளர் அப்பாதான்.

ஞாயிறு காலையும் புதன்கிழமை என் மதிய உணவு இடைவேளையிலும் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் நிலாவும் வருவாள். பதினான்கு வயது. “மொய், தாத்தா” என்பாள். இங்கே அதற்கு வணக்கம் என்று பொருள். முதல் முறை கேட்டபோது அப்பா, “யாருக்குட்டி கல்யாணம்?” என்றார். நிலாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். விளக்கி முடித்தபோது இருவருமே சிரிக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தார்கள்.

2

ஒரு புதன்கிழமை அப்பா சொன்னார்: “கோமதி, வயரக் கழட்டுனா சத்தம் நிக்கணும்லா? நிக்க மாட்டேங்கு.”

“எப்பம்ப்பா கழட்டுதீங்க?”

“பேசிக்கிட்டு இருக்கையிலதான். யாராவது கதவத் தட்டுதாவ. எந்திரிச்சா வயரும் கூடவே வருது.”

“பேசி முடிச்சிட்டுக் கழட்டுங்கப்பா. திடீர்னு புடுங்கக் கூடாது.”

அவர் பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்டது.

“நாப்பது வருசம் மைக் செட் வச்சிருந்தவனுக்கு வயரு கழட்டப் படிச்சுத் தாரியாட்டி?”

நான் பேச்சை மாற்றினேன். அவர் மாற்றவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார், இன்னும் விவரமாக. ஹெட்போன் வயரைப் பிடுங்கியதும் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் ஒலி வருகிறதாம். ஆனால் வருவது நடப்புப் பேச்சு அல்லவாம். “பழைய பேச்சு வருது. ஞாயித்துக்கிழமை நீ சொன்னது புதன்கிழமை கேக்கு.”

“சரிப்பா, பார்க்கேன்” என்றேன். பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோளாறு பிழை என்று மதிக்கப்பட வேண்டுமானால் அதற்கு ஒரு எண் வேண்டும். எண் வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து யாரும் படிவம் நிரப்பவில்லை.

சில மாதம் கழித்து மூன்றாவது முறை அவர் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. “ஒரு பொம்பளப்பிள்ள குரலு. ‘ஏம்மா’ன்னு கூப்பிடுதா. அப்புறம் ‘யக்ஸா’ங்கா. ‘ஏம்மா யக்ஸா’. யாருட்டி அது?”

அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும், பாதி சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

3

தம்பி முருகேசன் கோயம்புத்தூரில் இருக்கிறான். “யக்கா, எங்கிட்டயும் சொன்னாவ. குரல் கேக்குன்னு. நீ கவலப்படுவேன்னு சொல்லல” என்றான். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்ததைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு நோய் கிடைத்தது. அந்த வாரமே வந்து, அப்பாவைத் திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

நினைவைச் சோதிக்க மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னாராம். அப்பா நிமிடக் கோடுகள் எல்லாம் போட்டு வரைந்துவிட்டு, “செகண்ட் முள்ளு வேணுமா, சார்?” என்று கேட்டிருக்கிறார். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களையும் திருப்பிச் சொல்லியிருக்கிறார். கடைசியில் மருத்துவர் கேட்டார்: “குரல் எங்கேயிருந்து வருதுன்னு தோணுது?”

“இடது பக்க ஸ்பீக்கர்லருந்து.”

மருத்துவர் நெடுநேரம் எழுதினாராம். இல்லாத குரல்கள் கேட்பதாக முடிவு செய்து ஒரு மாத்திரை கொடுத்தார்.

அதே வாரம் எங்கள் அலுவலக மருத்துவ மையத்தில் எனக்கு வருடாந்தரப் பரிசோதனை. வீட்டில் ஏதாவது கவலை உண்டா என்று செவிலியர் கேட்டார். பின்னிஷ் மொழியில் நினைவுக்கும் கணினியின் நினைவகத்துக்கும் சொல் ஒன்றுதான். நான் தொழில் பழக்கத்தில், ஒரு மென்பொருள் பிழையின் பெயரைப் போட்டு, அப்பாவுக்கு நினைவகக் கசிவு என்று சொல்லிவிட்டேன். கசிவுக்கும் ரத்தப்போக்குக்கும் அங்கே ஏறத்தாழ ஒரே சொல். மூளையில் ரத்தக் கசிவா என்று பதறிப்போய், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டார். அவரை உட்கார வைத்து நான் ஆறுதல் சொல்லும்படி ஆனது.

மாத்திரை அப்பாவைத் தூங்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை திரையில் அவர் தலை மெல்லச் சாயும். நிலா என்னைப் பார்ப்பாள். நீ போகலாம் என்று நான் தலையசைப்பேன். மூன்றாவது வாரம் வாசற்படி இறங்கும்போது தடுமாறி விழுந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முருகேசன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டான். வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவது என்று முடிவாகி, சில மாதம் தள்ளி ஒரு நாளும் குறித்தான். நானும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டேன் என்று சொன்னால் போதாது. அந்த யோசனையைச் சொன்னதே நான்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்லட்டி. அந்தப் பெட்டிக்குத்தான் என்னமோ இருக்கு” என்றார் அப்பா.

“ஆமாப்பா” என்றேன். குழந்தைகளிடம் சொல்வது போல.

4

அப்பா முதலில் சொல்லி ஏழு மாதம் கழித்து எங்கள் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வேறொரு நாட்டில் இருக்கும் ஆராய்ச்சியாளர். மென்பொருள்களில் ஓட்டை தேடுவது அவர் தொழில். ஆடியோ டிரைவரில் நினைவகப் பாதுகாப்புக் குறை ஒன்று இருப்பதாகத் தெரிவித்திருந்தார். குழுத் தலைவி ஹன்னா அதை என் மேசைக்கு அனுப்பினாள்.

விஷயம் இதுதான். ஒலியை வைத்துக்கொள்ள டிரைவர், நினைவகத்தில் ஓர் இடத்தை வாங்கிக்கொள்கிறது. ஹெட்போன் வயரைப் பிடுங்கியதும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் டிரைவரின் இன்னொரு பகுதிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அது பழைய இடத்துக்கே போய், அங்கே என்ன கிடக்கிறதோ அதை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவன் இந்த வழியாக ஒருவரின் பழைய பேச்சை எடுக்கலாம்; சாமர்த்தியசாலியாக இருந்தால் கணினியையே கைப்பற்றலாம்.

சோதித்துப் பார்க்கும் முறையையும் படிப்படியாக எழுதியிருந்தார். மூன்றாவது படி: பேசிக்கொண்டிருக்கும்போது ஹெட்போன் வயரைப் பிடுங்கவும். நான்காவது படி: பழைய ஒலி கேட்கும்வரை காத்திருக்கவும். கணினியை அணைக்காமல் பல நாள் மூடி மூடித் திறந்தால் விளைவு தெளிவாகத் தெரியும்.

அப்பா லேப்டாப்பை மூடுவார். அணைக்க மாட்டார்.

என் மேசையில் செய்து பார்த்தேன். பிடுங்கினேன். காலையில் நடந்த கூட்டத்தில் ஒருவர் இருமியது, இப்போது கேட்டது. இடது பக்க ஸ்பீக்கரில்.

நிரலில் ஒரு வரியை யார் எழுதியது என்று கணினியைக் கேட்பதற்கு எங்களிடம் ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். என் பெயர் வந்தது.

அதற்குப் பிறகு காபி எடுக்கப் போனேன். இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அலுத்துக்கொண்டு, “ஏன் ம யக்ஸா” என்றாள். எனக்கு ஒன்றும் முடியலை, சலிப்பாக இருக்கிறது என்பதற்கு இங்கே எல்லோரும் தினமும் சொல்லும் வார்த்தை. நானே சொல்வேன். அப்பாவின் வாயிலிருந்து வந்தபோது, அது நம் ‘ஏம்மா’வாக இருந்ததால், எனக்குக் கேட்கவில்லை.

கோப்பையை வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். ஹெட்போன் அங்கே மேசையில் கிடந்தது. நான் நிலாவை, தாத்தாவோடு பேச வா என்று கூப்பிட்டேன். அவள் அறை வாசலில் நின்று சொன்ன பதில் அதுதான். யார் காதிலும் விழாமல் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்து, மூன்று நாள் அந்தப் பெட்டிக்குள் இருந்து, புதன்கிழமை மதியம் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது.

5

உடனே அப்பாவைக் கூப்பிட முடியவில்லை. இப்படி ஒரு ஓட்டை தெரிந்தால், அதை அடைக்கும் திருத்தம் தயாராகி எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. மூன்று மாதம். விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாதவர்களிடம் பேசினால் வேலை போகும்.

ஹன்னாவிடம் போய்ச் சொன்னேன். என் அப்பா இதை ஏழு மாதத்துக்கு முன்பே சொன்னார். நான் அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை சாப்பிட்டு விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஹன்னா ஜன்னலைப் பார்த்தாள். இந்த ஊரில் துக்கம் விசாரிக்கும் முறை அது. பிறகு இழுப்பறையைத் திறந்து, ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

“அப்படியானால் அவர் தானாகவே கண்டுபிடித்தவர். பட்டியலில் சேர்க்கலாம். கையெழுத்துப் போடுவாரா?”

ஐந்து பக்கம். அப்பா ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தார். கடைக்காரர் படித்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று, வரும் பக்கத்தை வரவரக் கவிழ்த்து வைத்தாராம். நிறுவனம் என்ற இடத்தில் ‘சவுண்ட் சர்வீஸ், ஓய்வு’ என்று எழுதியிருந்தார். ஹன்னா அதை அப்படியே பதிவு செய்தாள்.

கையெழுத்து வந்த பிறகு, லேப்டாப்பில் அல்லாமல் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இவ்வளவுதான? மண்டபத்துல ஒரு கல்யாணம் முடிஞ்சி போச்சி. சாவியக் குடுத்தாச்சி. ஆனா நம்ம மைக்க எவனும் கழட்டல. அடுத்த கல்யாணக்காரன் வந்து உள்ள உக்காந்து சம்பந்தகாரனப் பத்திப் பேசுதான். வெளியில நம்ம குழாய் ஸ்பீக்கர்ல கேக்கு. அப்படித்தான?”

எங்கள் ஆவணத்தில் இதற்கு மூன்று பக்கம் செலவாகியிருந்தது. “ஆமாப்பா” என்றேன்.

“எவம்ட்டி அத எழுதுனது?”

“நான்தாம்ப்பா.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “அத விடு. அந்த ‘ஏம்மா யக்ஸா’வுக்கு என்ன அர்த்தம்?”

“சும்மா ஏதோ விளையாட்டுக்குச் சொல்லுததுப்பா” என்றேன். ஐந்து பக்க ஒப்பந்தத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை.

மாத்திரையை நிறுத்த வேண்டும். ஹன்னாவின் அனுமதியோடு மருத்துவரிடம் பேசினேன். குரலுக்கு வெளிக் காரணம் இருக்கிறது என்றேன்.

“என்ன காரணம்?”

“இப்போ சொல்ல முடியாது, டாக்டர். மூணு மாசம் கழிச்சுச் சொல்றேன்.”

“உங்களுக்கும் குரல் ஏதாவது கேட்குதாம்மா?” என்றார். ஆனால் விழுந்த விவரத்தைக் கேட்டபோது, அவரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்.

6

நான் எதிர்பார்க்காதது, அப்பா அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்ட விதம். முருகேசன் பட்டியலில் இல்லை. ஆகவே முருகேசனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது குரல் கேட்கிறதா என்று அவன் கேட்டான். பேச்சின் நடுவே வயரைக் கழற்றுவதை நிறுத்தியிருந்தார். “கேக்கல” என்றார். மாத்திரையை நிறுத்தியது தெரியாமல், அது வேலை செய்கிறது என்று அவன் எனக்குச் சந்தோஷமாகச் செய்தி அனுப்பினான்.

“அப்பா, அவன்ட்ட மட்டும் சொல்லிக்கிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“எழுதிக் குடுத்திருக்கேம்லா” என்றார்.

திருத்தம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. முருகேசன் குறித்த நாள் தள்ளிப்போகவில்லை. கார் வந்தது. அப்பா இரண்டு பைகளோடும் லேப்டாப்போடும் ஏறிப் போனார். பூட்டிய வீட்டின் சாவியை எதிர்வீட்டில் கொடுத்தபோது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்களாம். “கம்பெனி சொல்லணும்” என்றாராம். எதிர்வீட்டில் முருகேசனைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் பதினோரு நாள் இருந்தார். ஏழாவது மாடி. காலையில் நடக்கப் போனால் தம்பி வீட்டில் யாராவது பின்னாலேயே வந்தார்கள். அவர் சொல்லி நான் கேட்ட புகார், லிஃப்டில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணின் குரலில் ஒலி அளவு அதிகம் என்பது மட்டும்தான்.

அதற்குள் இங்கே பொது அறிவிப்பு எழுதும் வேலை நடந்தது. அதில் கால வரிசை ஒன்று உண்டு; யார் எப்போது தெரிவித்தார், நிறுவனம் என்ன செய்தது என்று. வரைவில் முதல் வரி ஆராய்ச்சியாளரின் கடிதம். அதற்கு மேலே இன்னொரு வரி வேண்டும் என்றேன்.

“இது இணையத்தில் என்றைக்கும் இருக்கும். டிரைவருக்குப் பொறுப்பாளர் என்று உன் பெயரும் இருக்கும்” என்றாள் ஹன்னா.

“தெரியும்.”

நான் எழுதிக் கொடுத்த ஐந்து வாக்கியங்களையும் சட்டப் பிரிவு வெட்டி ஒன்றாக்கியது. அறிவிப்பு அந்த வரியோடு வெளியானது: ‘ஏழு மாதம் முன்னதாக, பயனர் ஆவுடையப்பன் டிரைவர் பொறுப்பாளருக்கு வாய்மொழியாகத் தெரிவித்தார், விசாரிக்கப்படவில்லை.’

அன்றைக்கே முருகேசனுக்கு இணைப்பை அனுப்பிப் போனில் விளக்கினேன். கேட்டு முடித்து, “அப்பாக்குத் தெரியுமா?” என்றான்.

“மூணு மாசமாத் தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

காரணத்தைச் சொன்னேன். அவன் போனை அப்பாவிடம் கொடுக்காமலே வைத்துவிட்டான். மறுநாள் காலை அவனே அப்பாவைக் காரில் வைத்துச் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டான். ராஜபாளையம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதானாம். அப்பா இதை என்னிடம் சொன்னபோது, “டீயும் நல்லா இல்ல” என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: வேலை இருக்கிறது. டிரைவரை இப்போது இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிறோம். வாய்மொழிப் புகார்களைப் பதிய அலுவலகத்தில் புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறது. புகார் சொன்னவருக்கு உறவுமுறை ஏதேனும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி.

7

அறிவிப்பு வெளியான பிறகுதான் நிலாவிடம் எல்லாம் சொன்னேன். தாத்தா கேட்ட குரல் அவளுடையது என்பதையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அவருக்கு அர்த்தம் தெரியுமா என்று பின்னிஷில் கேட்டாள். நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவள் எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா ஊர் வீட்டில் இருந்தார். மாவுக்கட்டு பிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

“தாத்தா, அந்த ஒளி நான்தான்” என்றாள். ஒலியும் ஒளியும் அவளுக்கு இன்னும் ஒன்றுதான். நான் திருத்தவில்லை.

“எந்தச் சத்தம்?”

“ஏன் ம யக்ஸா. எனக்கு முடியலை, சலிப்பா இருக்குன்னு அர்த்தம். அம்மா கூப்பிட்டாங்க. நான் சொன்னேன்.”

“என்ன முடியல?”

“உங்ககிட்ட பேச.” கொஞ்சம் நிறுத்தி, தமிழில் சொல் தேடினாள். “தமிழ் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகுது. நீங்க வெயிட் பண்றீங்க. அது எனக்குக் கஷ்டம்.”

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. திரையில் அப்பா ஹெட்போனைக் காதில் சரியாக அழுத்திக்கொண்டார்.

“எங்க, இன்னொரு வாட்டி சொல்லு.”

“எது?”

“அதத்தான்.”

நிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “ஏன் ம யக்ஸா.”

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். “அதே குரல்தான். நாந்தான் சரியாக் கேட்டிருக்கேன்” என்றார். “ஆனா அன்னைக்குக் கடைசில கொஞ்சம் இழுத்த.”

நிலா இழுத்துச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம்.”

அவள் இன்னும் இழுத்தாள். அவரும் சொல்லிப் பார்த்தார். ‘ஏம்மா’ இல்லை, ‘ஏன் ம’ என்று அவள் திருத்தினாள். அன்று இருபது நிமிடம் பேசினார்கள், பெரும்பாலும் அந்த மூன்று சொற்களையே.